அண்மை மட்டும் உறவாகுமா? புரத ஆய்வில் ‘தொடுகை’ பற்றிய ஒரு மறுப்புரை

அமினோவமில எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சங்கிலியே புரதம் என்பது பாடசாலை மாணவரும் அறிந்த செய்தியாகும். எனினும் நீட்டிவைத்த நிலையில் அச்சங்கிலி தனக்குரிய தொழிலைச் செய்வதில்லை. மடிந்து உருப்பெற்ற பின்னரே பெரும்பாலான புரதங்கள் தொழிற்படத் தொடங்குகின்றன. அம்மடிப்பின் பயனாக, சங்கிலியில் ஒன்றுக்கொன்று தொலைவிலிருந்த எச்சங்கள் முப்பரிமாண வெளியில் அயலவை ஆகின்றன. கைமோதிரிப்சின் என்னும் சமிபாட்டு நொதியத்தில் 57ஆம் இடத்து ஹிஸ்ரிடீனும், 102ஆம் இடத்து அஸ்பாட்டிக் அமிலமும், 195ஆம் இடத்துச் செரீனும் ஓரிடத்திற் கூடியே உணவுப் புரதத்தைப் பிளக்கும் தொழிலை ஆற்றுகின்றன. எனவே, எந்த எச்சம் எந்த எச்சத்தைத் தொடுகின்றது என்ற வினா புரதவியலின் ஓரத்தில் நிற்கும் வினா அன்று. அதன் நடுவில் நிற்பது.

இத்துணை முதன்மை வாய்ந்த வினாவுக்கு இன்று பெரும்பாலும் அளிக்கப்படும் விடை வியப்புக்குரிய அளவுக்கு எளிமையானது. இரண்டு எச்சங்களின் பீற்றாக் காபன் அணுக்களுக்கு இடைப்பட்ட தூரம் 8 அங்ஸ்ரொமிலும் குறைவாயின் ‘தொடுகை உண்டு’. இல்லையேல் ‘தொடுகை இல்லை’. பீற்றாக் காபன் இல்லாத கிளைசீனுக்கு அல்பாக் காபனை எடுத்துக்கொள்வர். கணனி சில கணங்களில் முழுப் புரதத்துக்கும் தொடுகைப் படம் ஒன்றை வரைந்து கொடுத்துவிடும். பின்னர் புள்ளிகள் எண்ணப்படும். எண்ணிக்கையிலிருந்து உறுதிநிலை, தொழில், நோய் என்பன பற்றி முடிபுகள் கூறப்படும். 8 என்ற எண் ஏன் எடுக்கப்பட்டது, 7 அல்லது 10 எடுக்கப்பட்டிருப்பின் முடிபு நிலைக்குமா, அருகிலிருப்பவை உண்மையில் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்ற வினாக்கள் எழுப்பப்படுவது அருமையாகவே உள்ளது. அண்மையை உறவாகவும், உறவைக் காரணமாகவும் கொள்ளும் இவ்வழக்கம் அறிவியல் முறைக்கு ஒவ்வாதது என்பதே இங்கு நிறுவப்படவுள்ளது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இத்தவறு புதியதாகத் தோன்றாது. சொற்கள் சேர்ந்து ஒரு தொடராகிப் பொருள் தருவதற்கு அவாய்நிலை, தகுதி, அண்மை என்னும் மூன்றும் வேண்டும் என்பது உரையாசிரியர் மரபு. ‘நீரால் நனைத்தான்’ என்பது தொடர். ‘தீயால் நனைத்தான்’ என்பதில் அண்மை உண்டு, தகுதி இல்லை. ‘குதிரை, யானை, மரம்’ என்று அடுக்கினால் அண்மை உண்டு, ஒன்றை ஒன்று வேண்டிநிற்கும் அவாய்நிலை இல்லை. அடுத்தடுத்து நிற்றல் வேண்டிய நிபந்தனையே அன்றிப் போதிய நிபந்தனை அன்று என்ற தருக்கத்தையே இம்மரபு வற்புறுத்துகின்றது. பழந்தமிழர் புரதத்தை அறிந்திருந்தனர் என்று இதிலிருந்து கிளப்புவது நகைப்புக்கிடமாகும். ஆயினும் தருக்கம் சொல்லுக்கும் மூலக்கூறுக்கும் பொதுவானது. தொடுகைப் படம் அண்மை ஒன்றையே பதிவுசெய்கின்றது. மற்றைய இரண்டையும் தேடும் பொறுப்பு ஆய்வாளனுடையது.

முதலில் அண்மையையே எடுத்துக்கொள்வோர் அதனையாவது செவ்வையாக அளக்கின்றனரா என நோக்குதல் தகும். இவ்விடத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஒரு வரலாறு நினைவுகூரத்தக்கது. ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் கொலாசன் என்னும் நார்ப்புரதத்துக்கு மூன்று சங்கிலிகள் முறுக்கிய அமைப்பொன்றை முன்மொழிந்தனர். 1955ஆம் ஆண்டிலே அலெக்சாண்டர் றிச், பிரான்சிஸ் கிறிக் ஆகிய இருவரும் அவ்வமைப்பைத் தாக்கினர். சில அணுக்கள் ஒன்றையொன்று ஏற்கமுடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது அவர்தம் மறுப்பின் ஒரு கூறு. அதாவது விவாதம் தொடுகையைப் பற்றியதே. இரு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற வினாவுக்கு அன்று உறுதியான விடை எவரிடமும் இருக்கவில்லை.

இராமச்சந்திரன் அவ்வினாவிலிருந்து விலகி ஓடவில்லை. தனக்கு வாய்ப்பான ஓர் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளவுமில்லை. அமினோவமிலங்கள், பெப்தைட்டுகள் முதலியவற்றின் அறியப்பட்ட பளிங்குருக்களை ஆராய்ந்து, பிணைப்பில்லாத அணுக்கள் எவ்வளவு நெருங்குகின்றன என அளந்தறியும் பணி நடைபெற்றது. அதன் பயனாக 1963ஆம் ஆண்டிலே இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரையில், இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் படம் என வழங்கும் படம் இடம்பெற்றது. அதில் ஒவ்வோர் அணுச்சோடிக்கும் ஓர் எல்லையன்றி இரண்டு எல்லைகள் தரப்பட்டன. காபனுக்கும் காபனுக்கும் இடையே இயல்பான எல்லை 3.2 அங்ஸ்ரொம், கடைசி எல்லை 3.0 அங்ஸ்ரொம். ஐதரசனுக்கும் ஐதரசனுக்கும் இடையே அவை முறையே 2.0, 1.9 அங்ஸ்ரொம். எல்லை சிறிது தளர்த்தப்பட்டபோது படத்தில் புதியதொரு பகுதி, இடக்கைச் சுருளிக்குரிய பகுதி, தோன்றியது. உண்மைப் புரதங்களிலும் சில எச்சங்கள் அப்பகுதியில் அமைந்திருத்தல் பின்னர் காணப்பட்டது. ஓர் அங்ஸ்ரொமின் ஐந்திலொரு பங்குக்கு மேற்படாத மாற்றம் ஒரு முழுப் பகுதியை உண்டென்றோ இல்லையென்றோ ஆக்கவல்லது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. எல்லையை ஆராய்ந்து வகுத்தமையும், இரண்டு எல்லைகளை வெளிப்படையாகத் தந்தமையுமே அக்கட்டுரையின் நேர்மை. ஆறு தசாப்தங்களின் பின்னர், ஒரே எல்லையைக் காரணம் கூறாது கையாளும் கட்டுரைகளை வளர்ச்சி எனக் கருதுவது எங்ஙனம்?

8 அங்ஸ்ரொம் எல்லை எவற்றைத் தவறவிடுகின்றது என்பதையும் நோக்கலாம். லைசீனின் பக்கச்சங்கிலி நீண்டது. அதன் முனையிலுள்ள நேரேற்றம் பெற்ற நைதரசன், பீற்றாக் காபனிலிருந்து ஏறத்தாழ 5 அங்ஸ்ரொம் வரை விலகி நிற்கும். குளூற்றமிக் அமிலத்தின் எதிரேற்றம் பெற்ற ஒட்சிசனும் தன் பீற்றாக் காபனிலிருந்து விலகியே நிற்கும். இவ்விரு முனைகளும் 3 அங்ஸ்ரொம் அளவுக்கு நெருங்கி உப்புப் பாலம் ஒன்றை அமைக்கும்போது, அவற்றின் பீற்றாக் காபன்கள் 10 அங்ஸ்ரொம் தொலைவிலும் இருத்தல் கூடும். அந்நிலையில் தொடுகைப் படத்தில் அப்பாலத்துக்கு ஒரு புள்ளியும் விழாது. பார்லோ, தோர்ன்ரன் ஆகியோர் 1983ஆம் ஆண்டிலே அயன்சோடிகளை ஆராய்ந்தபோது ஏற்றமுள்ள அணுக்களுக்கிடையே 4 அங்ஸ்ரொம் என்ற எல்லையைக் கொண்டனர். அளக்கவேண்டிய அணுக்களை அளந்தனர் என்பதே அவர்தம் சிறப்பு. மறுதலையாக, பீற்றாக் காபன்கள் 7 அங்ஸ்ரொம் தொலைவில் இருந்தும், பக்கச்சங்கிலிகள் எதிரெதிர்த் திசைகளை நோக்கிச் சென்றுவிடின் அவ்வெச்சங்கள் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. படத்திலோ புள்ளி விழுகின்றது. அயல்வீட்டார் இருவரின் வாயில்கள் வெவ்வேறு தெருக்களை நோக்கியிருப்பினும் அவர்கள் நாள்தோறும் அளவளாவுகின்றனர் என்று குடிமதிப்பாளர் எழுதிவைப்பதற்கு இது ஒப்பாகும்.

அல்பாச் சுருளியின் நிலை இன்னும் தெளிவானது. அதில் எச்சமொன்றுக்கு அச்சு வழியே 1.5 அங்ஸ்ரொம் உயர்வே உண்டு. ஆகவே நான்கு இடம் தள்ளியுள்ள எச்சம் தவறாது 8 அங்ஸ்ரொமுக்குள் வந்துவிடுகின்றது. சங்கிலியிலுள்ள இடைவெளியைக் கருத்திற் கொள்ளாது தொடுகைகளை எண்ணுவோர் உண்மையில் சுருளிகளின் நீளத்தையே எண்ணுகின்றனர். பின்னர் அதனை உறுதிநிலை என்று பெயரிடுகின்றனர்.

இரண்டாவதாகத் தகுதி. எந்த அமினோவமிலம் எதனோடு சேரும் இயல்புடையது என்பதைத் தரவிலிருந்து பெறும் முயற்சியில் மியசாவா, ஜேர்னிகன் ஆகியோர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. இருபது அமினோவமிலங்களுக்கு 210 வகைச் சோடிகள் உள. அறியப்பட்ட புரதங்களில் ஒவ்வொரு வகைச் சோடியும் எத்தனை முறை காணப்படுகின்றது என எண்ணி, எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, அதிலிருந்து சக்திப் பெறுமானம் ஒன்று கணிக்கப்பட்டது. அவ்வாய்வு பயனற்றது எனக் கூறுவார் எவருமிலர். ஆனால் அவ்வட்டவணையைப் பிற்காலத்தார் வாசித்த முறையே குற்றமுடையது. லியூசீனும் லியூசீனும் மிகுதியாக அருகருகே காணப்படுவதால் அவை ஒன்றையொன்று வலிந்து ஈர்க்கின்றன என்று கருதப்பட்டது. வால்டர் கோசுமன் 1959ஆம் ஆண்டிலேயே இதற்கு விளக்கம் தந்திருந்தார். நீரை விரும்பாத பக்கச்சங்கிலிகள் நீரினின்று ஒதுங்கிப் புரதத்தின் உட்புறத்தில் கூடுகின்றன. மழைக்கு ஒரு மண்டபத்தில் ஒதுங்கியோரிடையே நட்பைக் காண்பது போன்றதே அவற்றிடையே தனியீர்ப்பைக் காண்பது. தோமஸ், டில் ஆகியோர் 1996ஆம் ஆண்டிலே, உண்மையான சக்தி முன்கூட்டியே தெரிந்த எளிய மாதிரிகளில் இம்முறையைச் சோதித்தனர். எண்ணிக்கையிலிருந்து பெறப்பட்ட பெறுமானங்கள் உண்மைச் சக்தியை நம்பகமாக மீட்டுத் தருவதில்லை என்பது அதனாற் புலனாயிற்று. எண்ணிக்கை ஒரு விளைவு. விளைவைக் காரணம் என்று கொள்வது தருக்கப் பிழை.

மூன்றாவதும் மிக நுண்ணியதுமான நிபந்தனை அவாய்நிலை. அண்மையும் தகுதியும் ஒருங்கே இருந்தும் இணைப்புப் பொருளற்றதாகலாம் என்பதற்கு, கிறிஸ்ரியன் அன்வின்சனுக்கு 1972ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்த பரிசோதனையே சான்று. றைபோநியூக்கிளியேசு 124 எச்சங்களைக் கொண்ட நொதியம். அதிலுள்ள எட்டுச் சிஸ்ரீன்கள் நான்கு இருசல்பைட்டுப் பிணைப்புகளை அமைக்கின்றன. எட்டையும் சோடி சேர்க்க 105 வழிகள் உள. அவற்றுள் ஒன்றே இயற்கையானது. செறிந்த யூரியாக் கரைசலில் வைத்தே அப்பிணைப்புகளை மீள அமைத்தபோது பிணைப்புகள் உண்டாயின. ஆனால் நொதியம் ஏறக்குறையச் செயலற்றிருந்தது. சிஸ்ரீன்கள் எல்லாம் தகுதியுடையவையே. பிணைப்புண்டமையால் அண்மையும் ஐயமற்றதே. அங்கு இல்லாதிருந்தது சங்கிலி முழுவதும் அவ்விணைப்பை வேண்டிநிற்கும் நிலை. யூரியாவை நீக்கி, பிணைப்புகள் கலைந்து மீள அமைவதற்கு வழிசெய்தபோது சரியான சோடிகள் தாமாகவே அமைந்து தொழிலும் மீண்டது. ஒரு தொடுகையின் பொருளை அத்தொடுகையினுள் மட்டும் தேடுதல் கூடாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

இவை ஏட்டளவில் நிற்கும் நுணுக்கங்கள் என்று எண்ணுவோர் அரிவாளுருக் குழியச் சோகையை நோக்குதல் நன்று. ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் 6ஆம் இடத்துக் குளூற்றமிக் அமிலம் வலீனாக மாறுவதே அந்நோயின் மூலம் என்பதை வேர்னன் இங்கிரம் 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளிப்படுத்தினார். அவ்விடம் மூலக்கூறின் மேற்பரப்பில் உள்ளது. தனியொரு மூலக்கூறின் தொடுகைப் படத்தை எடுத்து மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவோர், குறிப்பிடத்தக்க தொடுகை எதுவும் குலையவில்லை எனக் கண்டு, மாற்றம் தீங்கற்றது என்று தீர்ப்பளிக்கக் கூடும். நோயோ மூலக்கூறுகளுக்கிடையே நிகழ்கின்றது. ஒட்சிசனை இழந்த நிலையில், ஒரு மூலக்கூறின் வலீன் அயல் மூலக்கூறிலுள்ள 85ஆம் இடத்துப் பினைல் அலனீனும் 88ஆம் இடத்து லியூசீனும் அமைத்த குழியிற் சென்று பொருந்துகின்றது. மூலக்கூறுகள் நாராக நீள, செங்குழியம் உருக்குலைகின்றது. ஒவ்வொரு மூலக்கூறிலும் இத்தகைய வலீன் இரண்டு உண்டு; நாரின் அடிப்படையான இரட்டையிழையில் அவற்றுள் ஒன்றே இவ்வாறு பொருந்துகின்றது என்பதும் கருதத்தக்கது. ஒரே எச்சம், ஒரே இடம். ஒன்றுக்குத் தொடுகை உண்டு, மற்றதற்கு இல்லை.

அசைவும் படத்தில் இல்லாத ஒன்று. மக்ஸ் பெரூற்ஸ் 1970ஆம் ஆண்டிலே ஈமோகுளோபினின் தொழிலை விளக்கியபோது, ஒட்சிசன் இல்லாத நிலையில் இருந்து, ஒட்சிசன் சேர்ந்ததும் அறுபடும் உப்புப் பாலங்களை முதன்மைப்படுத்தினார். பீற்றாச் சங்கிலியின் 146ஆம் இடத்து ஹிஸ்ரிடீனுக்கும் 94ஆம் இடத்து அஸ்பாட்டிக் அமிலத்துக்கும் இடையிலான பாலம் அவற்றுள் ஒன்று. அத்தொடுகையின் பயன் அது இருப்பதில் மட்டும் இல்லை. உரிய வேளையில் அறுபடுவதிலும் உள்ளது. ஒரு நிலையின் படத்தை மட்டும் வைத்து எண்ணுவோர்க்கு இது எவ்வாறு புலப்படும்?

இவற்றுக்கு எதிராக இரண்டு வாதங்கள் முன்வைக்கப்படுவதுண்டு. எளிய எண்ணிக்கையே நல்ல பயன் தந்துள்ளது என்பது முதலாவது வாதம். இதில் உண்மை உண்டு. பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் ஆகியோர் 1998ஆம் ஆண்டிலே, தொடுகையிலுள்ள எச்சங்கள் சங்கிலியில் சராசரியாக எவ்வளவு விலகியுள்ளன என்பதைச் சங்கிலி நீளத்தால் வகுத்துப் பெற்ற ஓர் எளிய அளவு, சிறு புரதங்களின் மடிப்பு வேகத்தோடு நன்கு இயைவதைக் காட்டினர். எளிமை குற்றமன்று. ஆனால் அவர்கள் கணித்ததைப் பரிசோதனையில் அளந்த வேகத்தோடு ஒப்பிட்டனர். படத்தைப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டு மனநிறைவடையவில்லை. ஒப்பிடுவதற்கு வெளியே ஓர் உரைகல் இருந்தமையாலேயே அவ்வெளிமை மதிப்புப் பெற்றது.

இரண்டாவது வாதம் இன்று உரத்து ஒலிப்பது. அல்பாபோல்ட் என்னும் கணனி முறை புரதங்களின் உருவத்தை வரிசையிலிருந்தே வியத்தகு செம்மையுடன் கணித்துவிட்டது; 2024ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசில் ஒரு பாதி அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோர்க்கு வழங்கப்பட்டது; எனவே தொடுகை பற்றிய இவ்வினாக்கள் காலங்கடந்தவை என்பர். சாதனை மறுக்கப்படத்தக்கதன்று. ஆயின் அச்சாதனையின் வரலாறே இவ்வாதத்தை மறுக்கின்றது. 2018ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற முதல் அல்பாபோல்ட், ‘உண்டு, இல்லை’ என்ற இருமை விடையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சோடிக்கும் 2 முதல் 22 அங்ஸ்ரொம் வரையுள்ள தூரங்களை 64 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நிகழ்தகவைக் கணித்தது. அதாவது எந்த ஒற்றை எல்லை இங்கு கண்டிக்கப்படுகின்றதோ அதனைக் கைவிட்டதும் அவ்வெற்றிக்குத் துணைநின்றது. மேலும், உருவத்தைச் சரியாகக் கணித்தல் வேறு. ஓர் எச்சத்தை மாற்றினால் யாது நேரும் என உரைத்தல் வேறு. தம் முறை அத்தகைய மாற்றங்களின் விளைவை உரைப்பதற்கெனச் சரிபார்க்கப்படவில்லை என்பதை அல்பாபோல்ட் தரவகத்தாரே தெரிவித்துள்ளனர். உரியவரே அடக்கங்காட்டும் இடத்தில் பிறர் ஆரவாரித்தல் பொருந்தாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? எந்த அணுக்களிடையே, எந்த எல்லைக்குள், சங்கிலியில் எவ்வளவு இடைவெளிக்கு அப்பால் தொடுகை எண்ணப்பட்டது என்பதைக் கட்டுரை வெளிப்படையாகக் கூறவேண்டும். குறைந்தது இரண்டு எல்லைகளில் கணக்கைச் செய்து, இரண்டிலும் நிலைக்கும் முடிபை மட்டுமே முடிபு எனல் வேண்டும். தொடுகை ஐதரசன் பிணைப்பா, உப்புப் பாலமா, நீரினின்று ஒதுங்கிய கூட்டமா, பளிங்கின் அடுக்கினால் நேர்ந்த தற்செயலா எனப் பிரித்தறிதல் வேண்டும். இயலுமிடத்துப் பரிசோதனையை நாடுதல் வேண்டும். அலன் பேர்ஷ்ற் குழுவினர் 1984ஆம் ஆண்டிலே கையாண்ட இரட்டை மாற்றச் சுற்று இதற்கு நல்ல வழிகாட்டி. முதல் எச்சத்தைத் தனியே மாற்றி ஒரு விளைவும், இரண்டாவதைத் தனியே மாற்றி ஒரு விளைவும், இரண்டையும் சேர்த்து மாற்றி ஒரு விளைவும் அளக்கப்படும். மூன்றாவது விளைவு முன்னைய இரண்டின் கூட்டுத்தொகையாயின் அவ்விரு எச்சங்களிடையே உறவு இல்லை. வேறுபடின் உறவு உண்டு. உறவு என்ற சொல்லுக்கு அளக்கத்தக்க பொருளைத் தருவது இதுவே.

இவ்வெச்சரிக்கை செல்வ நாடுகளின் பெரிய ஆய்வுகூடங்களைவிட இலங்கைப் பல்கலைக்கழகங்கள் போன்றவற்றுக்கே மிகுதியும் உரியது. 1971ஆம் ஆண்டிலே ஏழு உருவங்களுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கி 2023ஆம் ஆண்டில் இரண்டு இலட்சத்தைக் கடந்தது. அல்பாபோல்ட் தரவகம் 20 கோடிக்கு மேற்பட்ட கணிப்புகளைக் கொண்டுள்ளது. இவை எல்லோர்க்கும் இலவசமாகத் திறந்துள்ளன. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத இடத்து மாணவனும் இன்று புரதவியலில் உண்மையான ஆய்வைச் செய்யலாம். இது பெரும் பேறு. அதேவேளை பெரும் பொறியும் ஆகும். தரவும் மென்பொருளும் எல்லோர்க்கும் பொதுவாகிவிட்ட பின், ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுவது சிந்தனை ஒன்றே. மென்பொருள் தரும் எல்லையை அப்படியே ஏற்று, புள்ளிகளை எண்ணி, வண்ணப் படங்களுடன் ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாணவன் குற்றவாளி அல்லன். ‘இந்த 8 எங்கிருந்து வந்தது?’ என்று வினவாது அவ்வேட்டை ஏற்கும் ஆசிரியரும் துறையுமே பொறுப்பேற்க வேண்டியவர்கள். அவ்வினாவைக் கேட்பதற்குப் பணமோ கருவியோ வேண்டுவதில்லை.

சென்னையில் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையை ஆக்கியோர் ஒரு தாக்குதலுக்கு விடைதேடப் புகுந்து, எல்லை என்ற சொல்லையே ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கினர். அதனாலேயே அவர்தம் படம் இன்றும் ஒவ்வொரு புதிய புரத உருவத்தையும் சோதிக்கும் உரைகல்லாக நிற்கின்றது. தொடுகை என்று எழுதுமுன், எந்த அணு எந்த அணுவை நெருங்குகின்றது, எவ்விசை அவற்றைப் பிணைக்கின்றது, அது இல்லாவிடின் புரதத்துக்கு யாது நேரும் என்ற மூன்று வினாக்களுக்கும் ஆய்வாளன் விடைகூறக் கடமைப்பட்டவன். விடை இல்லாதவிடத்து ‘அருகிலுள்ளது’ என்று எழுதுவதே நேர்மை. அதற்குமேல் ஒரு சொல்லும் எழுத அவனுக்கு உரிமை இல்லை.